வேறு என்ன சொன்னார்?

கோர்ட் காகிதத்தில் என் பெயர் ஆன்மேரி இல்லை. அ.சா. 1, அதாவது அரசுத் தரப்புச் சாட்சி ஒன்று. என் தம்பி டோனி அதில் ‘இறந்தவர்’. அவனைக் குத்திய ராஜபாண்டி ‘எதிரி’. எங்கள் மூன்று பேருக்கும் பெயர் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் கோச்சடை வீட்டுக்குத் திரும்பும் நேரம் பார்த்து ராஜபாண்டியும் வந்து வாசலில் நிற்பான். அம்மா வைக்கும் மீன்குழம்பில் தலைத்துண்டு யாருக்கு என்று அவனுக்கும் டோனிக்கும் சண்டை நடக்கும். ஒருவனை ஒருவன் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் மார்க் போடும் புத்தி எனக்கு. சாமியாரின் பிரசங்கத்துக்குப் போடுவேன், பஸ் கண்டக்டர் விசில் அடிக்கும் விதத்துக்குப் போடுவேன். டோனி செத்த பிறகு அந்தப் புத்தி மட்டும்தான் பழையபடி வேலை செய்தது, மற்றதெல்லாம் மரத்துவிட்டது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே, அப்படி இரண்டு வருடம் இருந்தேன். பாடம் நடத்தினேன், பேப்பர் திருத்தினேன், ரேஷன் வாங்கினேன். பார்த்தவர்கள் எல்லாம் டீச்சர் தைரியசாலி என்றார்கள்.

நடந்தது இதுதான். அவனியாபுரத்தில் டோனிக்கு பைக் ஒர்க் ஷாப். அதை ஒட்டி ராஜபாண்டியின் டயர் கடை. இரண்டு கடைக்கும் பொதுவாகக் காற்றடிக்க ஒரு கம்ப்ரசர். ஒருநாள் அதன் மோட்டார் புகைந்துபோனது. அணைக்காமல் போனது நீயா நானா என்று பேச்சு வந்தது, பேச்சு தடித்தது. ராஜபாண்டி டியூப் அறுக்கும் கத்தியால் டோனியின் வயிற்றில் குத்திவிட்டு ஓடிப்போனான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் யாரும் நம்புவதில்லை. உள்ளே வேறு ஏதாவது இருந்திருக்கும் என்கிறார்கள். ஒன்றும் இருக்கவில்லை, ஒரு மோட்டார்தான்.

சர்வீசுக்கு விட்டிருந்த என் ஸ்கூட்டியை எடுக்க அன்று பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போனேன். கூட்டம் நின்றது. டோனி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். எதிர் டீக்கடை சோணை அண்ணன் ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு எங்களை ஏற்றினார். டோனியின் தலை என் மடியில். வில்லாபுரம் தாண்டி, தெற்குவாசல் பாலம் ஏறும் இடத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆட்டோவில் ஏறியதிலிருந்து பாலம் வரைக்கும் டோனி பேசினான். இன்ஜின் சத்தத்திலும் ஹாரன் சத்தத்திலும் டிரைவருக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் கேட்டது. அவன் சொன்னதில் ஒன்றை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் என்னிடம் புகார் எழுதி வாங்கினார். யார் குத்தியதாகச் சொன்னான் என்று கேட்டார். ராஜபாண்டி என்றான், என்றேன். அது போதும் அவருக்கு, மீதியை அவர் கையே எழுதிக்கொண்டது. ஸ்டேஷன் எழுத்துக்கு ஓர் அச்சு உண்டு, யார் வந்து சொன்னாலும் அந்த அச்சில்தான் வார்ப்பார்கள். ‘முன்விரோதம் காரணமாக ராஜபாண்டி என்னைக் கத்தியால் குத்திவிட்டான் என்று மேற்படி டோனி என்னிடம் கூறி மயங்கினார்’ என்று இருந்தது. டோனி பிறந்ததிலிருந்து முன்விரோதம் என்று ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. ஐந்துக்கு ஒரு மார்க் கூட அதற்குக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் என் சேலையெல்லாம் ரத்தம், எதையும் திருத்தும் நிலையில் நான் இல்லை, கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன சொன்னான் என்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயர் பாக்கியமேரி. பெயரில்தான் பாக்கியம். எங்கள் அப்பா இன்னாசிமுத்து ஊருக்கெல்லாம் நல்லவர், கோயிலில் வாசகம் வாசிப்பார். வீட்டுக்குள் வந்தால் அம்மாவை அடிப்பார். கையில் எது கிடைக்கிறதோ அதை எடுத்து. டோனி அந்தச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய் முடங்கிக்கொள்வான். அப்பா இறந்துபோன பிறகு அம்மா தன் பிள்ளையைப் பற்றி வெளியில் பேசிய ஒரே பெருமை, அவன் யார் மேலும் கை நீட்ட மாட்டான் என்பதுதான். அவன் பத்தாம் வகுப்பில் தோற்றான், பைக்கில் விழுந்து காலை ஒடித்தான், ஒன்றும் அவளுக்குக் குறையாகப் படவில்லை. அப்பனைப் போல வரவில்லை, அது போதும் என்பாள்.

வழக்கு தொடங்கியதும் அம்மா ஒரு வாய்தாகூட விடவில்லை. கையில் ஜெபமாலையோடு மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். ராஜபாண்டியின் வக்கீல் ஆரம்பத்திலிருந்தே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். டோனிதான் முதலில் ஸ்பேனரை எடுத்து அடித்தான், தடுக்கப்போய்க் கத்தி பட்டுவிட்டது என்று. அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து நிற்பாள்.

“எம்புள்ள கை நீட்ட மாட்டான்யா.”

ஜட்ஜ் அவளை உட்காரச் சொல்வார். உட்காருவாள். அடுத்த வாய்தாவில் மறுபடியும் எழுவாள். கோர்ட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போய்விட்டது.

சாட்சிகள் வரிசையாகக் கவிழ்ந்தார்கள். சோணை அண்ணன், எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்ட அதே மனுஷன், கூண்டில் ஏறி அன்றைக்குக் கடையே திறக்கவில்லை என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ராஜபாண்டியின் ஆட்கள் அவருடைய கடைக்கு எதிரில்தான் இன்னமும் டயர் கழற்றுகிறார்கள். பட்டியலில் முதல் சாட்சி நான், ஆனால் என் நாள் மட்டும் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். டோனி சாகும்போது என்ன சொன்னான் என்பதற்கு நான்தான் சாட்சி.

அரசு வக்கீல் ஜெயக்கொடி என் வயதுக்காரி. சிம்மக்கல்லில் ஒரு வெங்காய மண்டிக்கு மேலே மாடியில் அவளுடைய ஆபீஸ். படியேறும்போதே கண் எரியும். ஒரு நேரத்தில் எத்தனையோ கேஸ் கட்டுகள் அவள் மேசையில் கிடக்கும், சிவப்பு நாடா கட்டியது, கட்டாதது, பாதி பிரித்தது என்று. இந்த வருஷம் அவள் லேப்டாப்பில் ஒரு ஏஐ உதவியாளரை வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். கேஸ் காகிதங்களை எல்லாம் பெயரை எடுத்துவிட்டு அதற்குக் கொடுப்பாள். எந்தச் சாட்சி எங்கே என்ன சொன்னார், எது எதோடு இடிக்கிறது என்று அது பிரித்துக் கொடுத்துவிடும். பிரேதப் பரிசோதனையில் ஒரு காயம், ஸ்டேஷன் காகிதத்தில் இரண்டு காயம் என்று கண்டுபிடித்தது அதுதான். முன்னெல்லாம் இதற்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும் டீச்சர், இப்ப பிள்ளைகளோடு படத்துக்குப் போறேன் என்றாள். அதற்கு நான்கு மார்க் போட்டேன்.

என் சாட்சிக்கு முன் ஒருமுறை வரச்சொல்லியிருந்தாள். சொல்லிக்கொடுப்பதற்காக இல்லை, சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது தப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். புகாரை ஒருமுறை வாசித்துக் காட்டுவாள். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எப்படியெல்லாம் கேட்பாரோ அப்படியெல்லாம் அந்த உதவியாளர் கேட்கும், நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும். கூண்டில் பயம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

எனக்குப் பயம் ஏது. பயப்படுவதற்கும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்து, பொத்தான் ஒன்றை அழுத்தினாள். பெண் குரல். நிதானமான, புத்தகத் தமிழ். அரசுத் தரப்புச் சாட்சி ஒன்று அவர்களே என்று என்னைக் கூப்பிட்டது. அந்தச் சமயம் கலெக்டர் ஆபீசிலிருந்து போன் வரவே ஜெயக்கொடி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். நான் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் இறந்தவர் எந்தப் பக்கம் தலை வைத்திருந்தார். டிரைவருக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி. இறந்தவர் தெளிவாகப் பேசும் நிலையில் இருந்தாரா. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன், சொன்னதெல்லாம் திரையில் எழுத்தாக விழுந்தது. டோனியை ‘இறந்தவர்’ என்று அது சொல்லும்போது முதலில் சுருக்கென்றது, பிறகு பழகிவிட்டது.

“எதிரியின் பெயரைச் சொன்ன பிறகு, இறந்தவர் வேறு என்ன சொன்னார்?”

கீழே மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. நான் ஜன்னலைப் பார்த்தேன். எத்தனை போலீஸ்காரர்கள், எத்தனை சொந்தக்காரர்கள், சாமியார், ஹெட்மிஸ்ட்ரஸ், பத்திரிகைக்காரன் ஒருவன். எல்லோரும் என்னிடம் பேசியிருக்கிறார்கள். இந்தக் கேள்வி ஒருவர் வாயிலும் வரவில்லை. அவர்களுக்கு வேண்டியது பெயர், அது கிடைத்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

அது காத்திருந்தது. அவசரப்படுத்தவில்லை. விடை தெரிந்த கேள்வியைக் காலியாக விடக் கூடாது என்று பிள்ளைகளிடம் ஆயுசு முழுக்கக் கத்தியவள் நான். சொன்னேன்.

“நாந்தாங்க்கா மொதல்ல அடிச்சேன், ஸ்பேனரால, அப்டின்னான். அம்மாட்டச் சொல்லிராதன்னான். அதுக்கப்பறம் வலிக்குதுக்கா வலிக்குதுக்கான்னு சொல்லிக்கிட்டே வந்தான். பாலத்துல நின்னுட்டான்.”

நின்றுவிட்டான் என்றுதான் என் வாயில் வந்தது. செத்துவிட்டான் என்று வரவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை.

அந்தக் குரல் மாறவில்லை. நான் இப்போது சொன்னது புகாரில் இல்லை என்றது. எதிரி வைக்கும் வாதத்துக்கு இது துணையாக இருக்கலாம், எனவே அரசு வழக்கறிஞர் இதை அவசியம் அறிய வேண்டும் என்றது. இதை நீக்கிவிட முடியுமா என்று கேட்டேன். முடிவு வழக்கறிஞருடையது, ஆனால் நீக்கச் சொல்லித் தன்னால் ஆலோசனை தர முடியாது, நானே அவரிடம் சொல்வது நல்லது என்றது. பிறகு, பேசுவது கடினமாக இருந்தால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னது.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடத்தில் எதன்மீதும் வராத கோபம். தம்பி கேட்டுக்கொண்ட ஒன்றை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதைப் பிடுங்கிக்கொண்டு, கஷ்டமாக இருக்கிறதா என்று இந்தப் பெட்டி கேட்கிறது. மூடியைப் படாரென்று சாத்தினேன். ஜெயக்கொடி உள்ளே வந்தபோது நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்தாள், வாசித்தாள். மறுபடியும் மேலே போய் முதலிலிருந்து வாசித்தாள்.

“உக்காருங்க டீச்சர்.”

உட்கார்ந்தேன். அவள் நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டாள். அவளுக்கும் கோபம்தான் என்று நினைக்கிறேன். ஜெயிக்கிற கேஸ் அவள் கையில் இருந்தது. ராஜபாண்டி சரணடைந்தபோது தோளில் வீக்கம் இருந்ததாம், அதை யாரும் குறித்துவைக்கவில்லை. அவனுடைய வக்கீல் அதைச் சொல்லச் சொல்ல ஒருவரும் நம்பவில்லை. இப்போது நம்ப வேண்டியதாகிவிட்டது.

“இது இல்லாட்டி கொலைதான் டீச்சர், ஆயுள் தண்டனை. இது இருந்தா சண்டையில கை மிஞ்சிப்போனதுன்னு ஆகிரும். அஞ்சோ ஏழோ வருசம், அம்புட்டுத்தான்.”

அழித்துவிடேன் என்று என் வாய்வரை வந்தது. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் அந்தப் பட்டன்களின் மேலேயே கிடந்தது. கீழே யாரோ லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குத் தெரிஞ்சிருச்சு,” என்றாள். “இனிமே தெரியாதவ மாதிரி நிக்க என்னால முடியாது.”

எதிர்த்தரப்புக்கு இதில் ஒரு காப்பி கொடுக்க வேண்டும் என்றாள். அவர்கள் கேட்டு நான் சொல்வதைவிட அவளே முதலில் கேட்டுவிடுவது நல்லது, கௌரவமாக முடியும் என்றாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். சாட்சி சொல்லும் அன்றைக்கு மட்டும் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வர முடியுமா என்றாள். பார்க்கிறேன் என்றேன். வலி பற்றி டோனி சொன்னது கேஸுக்கு வேண்டாத விஷயம், அதை நான் கேட்கவே மாட்டேன், சம்பவம் பற்றி என்ன சொன்னார் என்று மட்டும் கேட்கிறேன் என்றாள். அதற்கு அவளுக்கு ஐந்துக்கு ஐந்து.

பஸ்ஸில் திரும்பும்போது ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு விஷயத்தை நேராகப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்காததால் சொல்லவில்லை. இப்போது கேட்கப் போகிறார்கள். சத்தியம் வாங்கிக்கொண்டு, என் அம்மாவை மூன்றாவது பெஞ்சில் உட்காரவைத்துக்கொண்டு கேட்கப் போகிறார்கள். சொன்னால் டோனி என்னிடம் கடைசியாகக் கேட்டது போயிற்று, அம்மாவுக்கு இருந்த ஒரே பெருமையும் போயிற்று. சொல்லாவிட்டால் ஒருவன் செய்யாத கணக்கையும் சேர்த்து ஆயுசுக்கும் உள்ளே இருப்பான். அந்த ஒருவன் என் தம்பியைக் கொன்றவன். இதில் எந்தப் பக்கம் நினைத்தாலும் மனசு அசையவில்லை. சொல்லத்தான் போகிறேன் என்று மட்டும் தெரிந்தது. சரியான விடை தெரிந்தும் தப்பாக எழுத எனக்கு வராது, பழக்கம் இல்லை.

சாட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நானும் சேர்ந்து தலை கிள்ளினேன். மீன் முடிந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

“நாளைக்கு நீ வர வேணாம்மா.”

“ஏன்?”

“வெயிலு.”

“மதுரைக்கு வெயிலு நேத்துதான் வந்துச்சாக்கும்.” அவள் சட்டியைக் கழுவப் போனாள். “நீ பேசுறத நான் பாக்க வேணாமா? எம்புள்ளைக்காக நீ ஒருத்திதான் பேசப் போற.”

மறுநாள் எனக்கு முன்னால் அவள் சேலை கட்டி வாசலில் நின்றாள். எனக்கு இட்லி இறங்கவில்லை. அவள் இரண்டு சாப்பிட்டாள்.

கோர்ட் வாசலில் டவாலி என் பெயரை மூன்று முறை கூப்பிட்டான். நல்ல சத்தம். காகிதத்தில் இல்லாத பெயர் கோர்ட் முழுக்கக் கேட்டது. கூண்டில் ஏறினேன். சத்தியம் வாங்கினார்கள். எதிர்க்கூண்டில் ராஜபாண்டி இளைத்துப்போய் நின்றான், கழுத்து எலும்பு தெரிந்தது. அம்மா மூன்றாவது பெஞ்சில் ஓரத்தில், ஜெபமாலையை உருட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் நான் பேசும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

ஜெயக்கொடி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஸ்கூட்டி, கூட்டம், ஆட்டோ, வில்லாபுரம். நான் சொல்லச் சொல்ல ஜட்ஜ் அதைக் கோர்ட் தமிழில் டைப்பிஸ்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ராஜபாண்டி குத்திவிட்டான் என்று டோனி சொன்னதையும் சொன்னேன். பிறகு ஜெயக்கொடி ஒரு காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“சம்பவத்தைப் பற்றி அவர் வேறு என்ன சொன்னார்?”

“நாந்தான் மொதல்ல ஸ்பேனரால அடிச்சேன்னு சொன்னான். அம்மாட்டச் சொல்லிராதன்னு சொன்னான்.”

மெதுவாகத்தான் சொன்னேன், அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒருவேளை கேட்டிருக்காது என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் ஜட்ஜ் இருக்கிறாரே. அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரலில் டைப்பிஸ்டிடம் சொன்னார். ‘நான்தான் முதலில் ஸ்பேனரால் அடித்தேன், இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று இறந்தவர் என்னிடம் கூறினார்.’ டைப்பிஸ்டு நிறுத்தி, அம்மாவிடம் என்பதும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும், முழுசாக வரட்டும் என்றார் ஜட்ஜ். இன்னொரு முறை சொன்னார்.

டோனி என் காதில் மட்டும் சொன்னது அப்படி மூன்று முறை அந்த அறையில் சொல்லப்பட்டது.

அம்மா எழுந்து நிற்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஜட்ஜே அந்தப் பக்கம் திரும்பினார். அம்மா எழுந்திருக்கவில்லை. ஜெபமாலை உருளுவது நின்றிருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். உங்களுக்குப் பெரிய மனசு என்பதுபோல எனக்கு ஒரு தலையசைப்பு. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, இதை ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று. யாரும் கேட்கவில்லை என்றேன். அதையும் ஜட்ஜ் டைப்பிஸ்டுக்குச் சொன்னார். எதிர்க்கூண்டில் ராஜபாண்டி கம்பியில் நெற்றியை வைத்து அழுதான். தோள் குலுங்கியது. அவன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, கோபமும் வரவில்லை. மீன்தலைக்காகச் சண்டை போட்டவன் முகம் கொஞ்சம் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் ஜெயக்கொடி என் கையைப் பிடித்தாள். கொலைக் குற்றம் இனி நிற்காது, ஆனாலும் வாங்க முடிந்ததை வாங்கிக் கொடுப்பேன் என்றாள். அம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கேஸுக்கு உள்ளே போய்விட்டாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். நிழல் இருந்த இடத்தில் என்னை நிறுத்திவிட்டு அவள் வெயிலில் நின்றாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். வேறு யாரோ வீட்டு விஷயத்தைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“ஸ்பேனர்னா அந்த நீளமா இருக்குமே, அதா?”

“ஆமா.”

“அவங்கப்பாவும் கையில கெடச்சதத்தான் எடுப்பாரு.”

இரண்டு பஸ் வந்து போயின. எங்கள் பஸ் இல்லை. அவள் கொஞ்ச நேரத்தில் அழுதுவிடுவாள், அப்போது நானும் சேர்ந்து அழுதுவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. ஜெபமாலையைச் சுருட்டி மணிப்பர்சுக்குள் வைத்து, பர்சை இடுப்பில் செருகினாள். பிறகு என் பக்கம் வந்து, மந்தமான காதை என் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தாள்.

“வேற என்னடி சொன்னான்? வலிக்குதுன்னு சொன்னானா?”

தெற்குவாசல் பாலமும், அந்த ஹாரனும், மடியில் கிடந்த தலையின் பாரமும் அத்தனையும் மரப்பு விட்டுப்போன கன்னம்போல ஒரே நேரத்தில் வலித்தது.

“இல்லம்மா. சொல்லல.”

அம்மா காதை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். குறுக்கு விசாரணை எதுவும் செய்யவில்லை. கோச்சடை பஸ் வந்தது. நான் படியில் காலை வைக்கத் தடுமாறினேன், அவள்தான் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.